கழிவு செல்வமான வரலாறு: சோடாத் தொழிலும் சுற்றுச்சூழலும்

வணிக நிறுவனங்கள் தம் இலாபத்தை விட்டுக்கொடாமலேயே இயற்கையைக் காக்க இயலும் என்னும் கருத்து இந்நாளில் பரவலாகப் பேசப்படுகிறது. கழிவைப் பொருளாக்கலாம், அப்பொருளை விற்கலாம், அவ்விற்பனையின் வழியாகவே காற்றும் நீரும் தூய்மை பெறும் என்பர். இதனை முற்றிலும் நம்புவோர் உளர்; வெறும் ஏமாற்று என்று ஒதுக்குவோரும் உளர். இரு சாராரும் பெரும்பாலும் அண்மைக் காலச் செய்திகளையே சான்றாகக் காட்டி வாதிடுகின்றனர். ஆயின் இம்முயற்சி நம் தலைமுறையில் தோன்றிய ஒன்றன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் சோடா உப்புத் தொழிலில் இது முழு அளவில் நடந்தேறியுள்ளது. அதன் தொடக்கத்தையும் முடிவையும் ஒருசேரக் காணும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. அவ்வரலாற்றின் ஓர் இழை நம் தூத்துக்குடி வரை வந்து சேர்வதால், அதனைச் சற்று விரிவாக ஆராய்வது தகும் எனக் கருதுகிறோம்.

சோடா என்னும் பொருள் நம் வாசகர்க்குப் புதியதன்று. எரேமியா 2:22 இல் உவர்மண்ணும் சவுக்காரமும் இணைத்துக் கூறப்படுவதையும், மல்கியா 3:2 இல் வண்ணாரின் சவுக்காரம் உவமையாவதையும் நாம் அறிவோம். எபிரெயத்தில் முன்னது எகிப்தின் வறண்ட ஏரிப் படுகைகளில் கிடைத்த இயற்கைச் சோடாவையும், பின்னது செடிகளை எரித்துப் பெற்ற காரச் சாம்பலையும் குறிப்பன. நம் சிற்றூர்களிலும் சலவைத் தொழிலாளர் நெடுங்காலம் உவர்மண்ணையே பயன்படுத்தி வந்தனர். ஒரு குடும்பத்தின் துணியை வெளுக்க அது போதும். ஆனால் இயந்திர ஆலைகள் நெய்து குவித்த துணி, கண்ணாடி, சோப்பு, காகிதம் ஆகிய அனைத்திற்கும் காரம் தேவைப்பட்டபோது, மண்ணும் சாம்பலும் போதவில்லை. ஸ்பெயின் நாட்டுக் கடலோரச் செடிகளின் சாம்பலையும், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கடற்பாசியை எரித்தெடுத்த சாம்பலையும் ஐரோப்பா நம்பியிருந்தது. ஒரு டன் பாசிச் சாம்பல் பெற ஏறக்குறைய 20 டன் ஈரப் பாசியை அள்ளி உலர்த்த வேண்டும். குளிர்ந்த கடல்நீரில் இடுப்பளவு நின்று அதனை அறுத்தவர்கள் ஏழைக் குடியானவர்; விலையின் பெரும்பகுதி நிலவுடைமையாளரைச் சேர்ந்தது. பின்னாளில் செயற்கைச் சோடா வந்து பாசித் தொழில் வீழ்ந்தபோது நிலவுடைமையாளர்க்கு இம்மக்கள் வேண்டாதவராயினர். பலர் கப்பலேறிப் புலம்பெயர்ந்தனர்.

லெப்லாங்கின் கண்டுபிடிப்பு

சாதாரண உப்பிலிருந்து சோடாவை ஆக்கும் வழியைக் கண்டவர் நிக்கோலாஸ் லெப்லாங் என்னும் பிரெஞ்சு மருத்துவர். ஓர்லியன்ஸ் கோமகனின் ஆதரவில் பணியாற்றிய அவர், 1791 இல் தம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பாரிசு நகருக்கு அண்மையில் சேன்டெனி என்னுமிடத்தில் ஆலையும் அமைந்தது. அதற்குள் புரட்சி மூண்டது. கோமகன் 1793 இல் கொலைக்கருவிக்கு இரையானார். ஆலை பறிமுதல் செய்யப்பட்டது. போர்க்காலத் தேவை கருதி முறையின் நுட்பம் அனைவரும் அறிய வெளியிடப்பட்டது. பின்னர் ஆலை திரும்பக் கிடைத்தும் அதனை இயக்கப் பொருளின்றி வறுமையுற்ற லெப்லாங், 1806 இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அவருடைய முறை எளியது. உப்புடன் கந்தக அமிலத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் சோடியம் சல்பேட்டு கிடைக்கும். அதனைச் சுண்ணாம்புக்கல்லுடனும் நிலக்கரியுடனும் கலந்து உலையில் இட்டால் கரிய சாம்பல் ஒன்று உண்டாகும். அச்சாம்பலை நீரில் ஊறவைத்து வடித்தால் சோடா கரைந்து வரும். இதில் இரு கழிவுகள் எழுகின்றன. முதற்கட்டத்தில் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு வெளியேறுகிறது. ஒரு டன் உப்பிற்கு ஏறக்குறைய 600 கிலோகிராம் என்று கணக்கிடலாம். இறுதிக் கட்டத்தில் கந்தகமும் சுண்ணாம்பும் கலந்த கரிய சேறு எஞ்சுகிறது. விற்கும் பொருளைக் காட்டிலும் எறியும் பொருளே மிகுதி. வாயுவைப் புகைபோக்கியின் வழியே வானில் விட்டனர். சேற்றை ஆலையின் அருகிலேயே குவித்தனர்.

இங்கிலாந்தில் உப்பின் மீதிருந்த கடும் வரி 1820களில் நீக்கப்பட்டதும் இத்தொழில் அங்கே வேரூன்றியது. டப்ளின் நகரிலிருந்து வந்த ஜேம்ஸ் மஸ்பிராட் 1823 இல் லிவர்பூலில் ஆலை தொடங்கினார். அமில வாயு ஈரக்காற்றில் கலந்து வெண்புகையாகத் தரையை நோக்கி இறங்கியது. செடிகொடிகள் கருகின, வீட்டுக் கதவுகளின் இரும்புப் பொருள்கள் அரிக்கப்பட்டன. 1830களில் லிவர்பூல் நகராட்சி அவர்மீது வழக்குத் தொடுத்தது. அவர் வேறிடம் பெயர்ந்தார். அங்கும் வழக்குகள் பின்தொடர்ந்தன. இறுதியில் 1850ஐ ஒட்டி அவ்வாலையும் மூடப்பட்டது. அவருடைய மைந்தர் வேறு ஊர்களில் தொழிலைத் தொடர்ந்தனர். ஒரு நகரம் துரத்தினால் இன்னொரு நகரம் வரவேற்கும் என்பது அன்றே தெளிவாகிவிட்டது. செயின்ட் ஹெலன்ஸ், விட்னெஸ் ஆகிய ஊர்கள் இவ்வாறு தழைத்தன.

உற்பத்தியாளர் கண்ட முதல் தீர்வு உயரமான புகைபோக்கி. கிளாஸ்கோ நகரின் சார்ல்ஸ் டென்னன்ட் நிறுவனம் 1842 இல் எழுப்பிய புகைபோக்கி 435 அடிக்கும் மேல் உயர்ந்து நின்றது. அன்றைய பொறியியலின் பெருமைகளில் ஒன்றாக அது பேசப்பட்டது. அது வாயுவை அழிக்கவில்லை; இன்னும் தொலைவிலுள்ளோர்க்குப் பகிர்ந்தளித்தது, அவ்வளவே.

காற்றாலைக் கோபுரமும் சட்டமும்

உண்மையான தீர்வு 1836 இலேயே கிடைத்துவிட்டது என்பது நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. வூஸ்டர்ஷயர் மாவட்டத்தில் சோடா ஆலை நடத்திய வில்லியம் காஸேஜ், பழுதடைந்த காற்றாலைக் கோபுரம் ஒன்றை எடுத்துக்கொண்டார். அதனுள் முட்புதர்களையும் சுள்ளிகளையும் நிறைத்தார். மேலிருந்து நீர் மெல்லச் சொட்டிப் பரவ, கீழிருந்து அமில வாயு ஏறி வந்தது. சுள்ளிகளின் மேற்பரப்பெங்கும் படர்ந்த நீரில் வாயு கரைந்து அமிலமாகிக் கீழே வடிந்தது. செலவு குறைவு, பயனோ முழுமை. இந்நாளைய இரசாயன ஆலைகளில் வாயுவைக் கழுவும் கோபுரங்கள் யாவற்றிற்கும் அது மூதாதை எனலாம்.

எனினும் காப்புரிமைக்குப் பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு வரை பெரும்பாலான ஆலைகள் அதனைச் செம்மையாகப் பயன்படுத்தவில்லை. காரணம் வெளிப்படை. வடித்தெடுத்த அமிலத்தை வாங்குவார் இலர். புகையாக விடுவதற்குச் செலவில்லை. அமிலமாகப் பிடிப்பதற்குச் செலவுண்டு. தீங்குற்றவர் வழக்கிடலாமே என்றால், பத்து ஆலைகள் நெருங்கி நிற்கும் ஊரில் தம் மரத்தைக் கருக்கியது எந்த ஆலையின் புகை என்று எவ்வாறு மெய்ப்பிப்பது? ஒவ்வோர் ஆலையும் அடுத்த ஆலையைச் சுட்டியது. கண்டுபிடிப்பு கையிலிருந்தும் அது கிடப்பில் கிடந்த இந்த ஆண்டுகளே இவ்வரலாற்றின் மிக முக்கியமான பகுதி என்பது நம் துணிபு. இலாபம் இல்லாதபோது அறிவு தானே செயலாகிவிடுவதில்லை.

நிலைமையை மாற்றியவர் ஒரு பிரபு. முன்னாள் பிரதமரான 14 ஆம் டெர்பி பிரபுவின் நோஸ்லி மாளிகை லிவர்பூலுக்கும் செயின்ட் ஹெலன்ஸுக்கும் இடையில் இருந்தது. சுற்றுப்புறத்து மரங்கள் பட்டுப்போவதைக் கண்ட அவர், 1862 இல் பிரபுக்கள் சபையில் ஒரு விசாரணைக் குழு அமையச் செய்தார். அதன் விளைவாக 1863 இல் காரத் தொழிற்சாலைகள் சட்டம் நிறைவேறியது. ஒவ்வோர் ஆலையும் தான் உண்டாக்கும் அமில வாயுவில் 95 சதவீதத்தையேனும் பிடித்தாக வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. எம்முறையால் பிடிக்க வேண்டும் என்று அது கூறவில்லை. உற்பத்தியாளரும் கடுமையாக எதிர்க்கவில்லை. கோபுரம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது, ஓயாத வழக்குகளினின்றும் ஓய்வு வேண்டியிருந்தது, தம் போட்டியாளரும் அதே செலவைச் செய்தாக வேண்டும் என்னும் உறுதியும் கிட்டியது.

இச்சட்டத்தின்கீழ் முதல் தலைமை ஆய்வாளராக அமர்த்தப்பட்டவர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித். இவரைப்பற்றி நம் இதழில் இரண்டொரு சொல் மிகுதியாகக் கூறினால் வாசகர் பொறுத்தருள்வர். 1817 இல் கிளாஸ்கோவையடுத்த சிற்றூரில் ஆழ்ந்த சமயப்பற்றுள்ள குடும்பத்தில் பிறந்த அவர், ஸ்காட்லாந்துத் திருச்சபையின் திருப்பணிக்கு ஆயத்தமாகவே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பட்டம் பெறுமுன்னரே விலகினார். பின்னர் ஜெர்மனி சென்று லீபிக் என்னும் பேரறிஞரிடம் வேதியியல் கற்று 1841 இல் ஆய்வுப் பட்டம் பெற்றார். மான்செஸ்டரில் குடியேறி, நகரின் காற்றையும் மழைநீரையும் ஆண்டுக்கணக்கில் அளந்தார். அமில மழை என்னும் தொடரை உலகிற்கு வழங்கியவர் அவரே. அதனைப் பற்றிய அவருடைய பெருநூல் 1872 இல் வெளிவந்தது. பிரசங்க பீடம் ஏறாத அம்மனிதர், ஆலைகளின் புகைபோக்கிகளில் துளையிட்டு வாயுவை உறிஞ்சிச் சோதிக்கும் பணியை வாழ்நாளின் இறுதிவரை செய்து, 1884 இல் காலமானார்.

ஸ்மித் தண்டிப்பதை விடக் கற்பிப்பதை விரும்பினார். அவரும் உதவி ஆய்வாளர் நால்வரும் ஆலைதோறும் சென்று, எங்கே கசிகிறது, கோபுரத்தில் நீர் எவ்வளவு பாய வேண்டும் என்று அறிவுரை கூறினர். முதலாண்டு அறிக்கையிலேயே தப்பிச் செல்லும் வாயு சராசரியாக இரண்டு சதவீதத்திற்கும் குறைவு எனக் கண்டார். சட்டம் கேட்டதைவிட ஆலைகள் மிகுதியாகச் செய்திருந்தன. ஆலை முதலாளிகளோடு அவர் மிகவும் இணக்கமாகப் போகிறார் என்னும் குற்றச்சாட்டும் எழுந்தது. 1870களில் அமைந்த அரசு ஆணையத்தின் முன் அவர் அதற்கு விடை கூறவேண்டியிருந்தது. அக்குற்றச்சாட்டில் உண்மை முற்றிலும் இல்லை என்று நாம் கூறமாட்டோம். தொழில் பெருகப் பெருக, ஐந்து சதவீதம் என்னும் சிறு பங்கே பெருந்தொகையாயிற்று. எனவே 1874 இல் சட்டம் திருத்தப்பட்டு, வெளியேறும் புகையின் ஒரு கன அடியில் இவ்வளவே அமிலம் இருக்கலாம் என்னும் அளவு விதிக்கப்பட்டது. பங்கைக் கணக்கிட்டவர்கள் செறிவைக் கணக்கிடத் தொடங்கினர்.

ஒன்றை இடையில் குறிப்பிட வேண்டும். இக்காலத்தில் செயின்ட் ஹெலன்ஸில் செம்பு உருக்கும் ஆலை ஒன்றின் மீது திப்பிங் என்னும் நிலக்கிழார் தொடுத்த வழக்கில் 1865 இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சொத்துக்கு நேரும் சேதத்தை எவ்விடத்திலும் பொறுக்க இயலாது. உடலுக்கு நேரும் அசௌகரியமோ அந்த ஊரின் தன்மையைப் பொறுத்தது என்பது அதன் சாரம். மாளிகைத் தோட்டத்து மரத்திற்குக் கிடைத்த பாதுகாப்பு, ஆலைத் தெருவில் இருமிக்கொண்டிருந்த குழந்தைக்குக் கிடைக்கவில்லை.

அமிலம் பொன்னாதல்

காற்றிலிருந்து பிடித்த அமிலம் எங்கே போயிற்று? ஓடைகளுக்கு. செயின்ட் ஹெலன்ஸ் வழியே பாயும் சாங்கி ஓடையில் அமிலம் கொட்டப்பட்டது, மீன்கள் மடிந்தன, கரைக் கற்களையும் சுவர்களையும் அது அரித்தது. கரிய சேற்றுக் குவியலின் ஓரமாக அமிலம் பாய்ந்தால், அழுகிய முட்டையின் நாற்றமுடைய நச்சுவாயு எழுந்தது. சட்டம் காற்றைக் காத்தது. நீரை அது கேட்கவில்லை. ஆலைகள் சட்டத்திற்கு முழுமையாகக் கீழ்ப்படிந்தவாறே ஆற்றைக் கெடுத்தன.

ஆயினும் ஏராளமான அமிலம் வாங்குவாரின்றிக் கிடந்த அந்நிலைதான் அடுத்த கண்டுபிடிப்பைத் தூண்டியது. அமிலத்திலிருந்து குளோரினைப் பிரித்துச் சுண்ணாம்பில் ஏற்றினால் சலவைத்தூள் கிடைக்கும். நம் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் இடுகின்ற பிளீச்சிங் பவுடர் இதுவே. இப்பொருள் 1799 முதற்கொண்டே அறியப்பட்டிருந்தது; எனினும் அதை ஆக்கத் தேவைப்பட்ட மாங்கனீசு தாது ஒருமுறைக்குப்பின் வீணாகிவிடும், விலையும் மிகுதி. வால்ட்டர் வெல்டன் என்பவர் அம்மாங்கனீசை மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் முறையை 1860களின் இறுதியில் அமைத்தார். அவர் வேதியியல் பள்ளியில் பயின்றவரல்லர், பத்திரிகையாளர். ஏறக்குறைய அதே வேளையில் ஹென்றி டீக்கன், ஃபெர்டினான்ட் ஹர்ட்டருடன் இணைந்து, செம்பு உப்பின் துணையால் அமில வாயுவை நேரே காற்றோடு சேர்த்துக் குளோரினாக்கும் வழியைக் கண்டார். காகிதத்தின் மீதிருந்த வரி 1861 இல் நீங்கியிருந்தது. செய்தித்தாள்கள் மலிந்தன, எஸ்பார்ட்டோ என்னும் புல்லிலிருந்து காகிதம் செய்யத் தொடங்கினர், அப்புல்லை வெளுக்கச் சலவைத்தூள் வேண்டியிருந்தது. 1840களில் வானில் விடப்பட்டது, 1860களில் ஓடையில் கொட்டப்பட்டது, 1870களில் மூட்டைகட்டி விற்கப்பட்டது.

கழிவு செல்வமாகும் என்று கூறுவோர் இங்கே வெற்றி முழக்கம் செய்யலாம். செய்யட்டும், ஓரளவு அவர்கள் கூற்று மெய்யே. ஆனால் வரிசை முறையை மாற்றிக் கூறலாகாது. இலாபத்தைக் கண்டு ஆலைகள் வாயுவைப் பிடிக்கவில்லை. பிடித்தே தீரவேண்டும் என்று சட்டம் கூறியபின், பிடித்த பொருளை என்செய்வது என்று தேடியபோது இலாபம் தென்பட்டது.

சலவைத்தூள் அறைகளில்

இவ்வெற்றியின் உட்புறத்தையும் நாம் நோக்க வேண்டும். சுண்ணாம்பைப் பரப்பி குளோரின் ஏற்றிய அறைகளுக்குள் நுழைந்து, ஆயத்தமான தூளை மரப்பீப்பாய்களில் அள்ளி நிரப்ப மனிதர்தாம் தேவைப்பட்டனர். வாயு முற்றிலும் வெளியேறாத அவ்வறைகளில், ஃபிளானல் துணியைப் பல மடிப்பாக வாயில் இறுகக் கட்டி, கண்ணுக்குக் கண்ணாடியணிந்து அவர்கள் வேலை செய்தனர். மூக்கால் மூச்செடுக்கலாகாது, துணிவழியே வாயால் உறிஞ்சி மூக்கால் விட வேண்டும். உப்பும் அமிலமும் கொதிக்கும் உலையருகே நின்றவர்களுக்குப் பற்கள் கரைந்தழிந்தன. இவர்களில் பலர் பஞ்சத்திற்குத் தப்பி அயர்லாந்திலிருந்து வந்தவர். ராபர்ட் ஷெரார்ட் என்னும் எழுத்தாளர் இவர்தம் நிலையை நேரில் கண்டெழுதிய நூல் 1897 இல் வெளியாகி நாட்டை அதிரச் செய்தது. உற்பத்தியாளர் அது மிகைப்படுத்தல் என்றனர்.

ஆலைக்கு வெளியே கன அடிக்கு இத்தனை என்று வாயுவை அளந்த காலத்தில், ஆலைக்குள்ளே தொழிலாளர் உட்கொண்ட வாயுவை அளக்க ஸ்மித்திற்கு ஆணை இல்லை. இதற்காக அந்நல்ல மனிதரைக் குறைகூறுவது முறையன்று. அச்சட்டத்தைக் கேட்டுப் பெற்றவர்கள் நிலக்கிழார்கள். சட்டம் அவர்களுடைய வேலியோடு நின்றது.

கரிய சேற்றின் கதை வேறு. ஒரு டன் சோடாவிற்கு ஏறக்குறைய ஒன்றரை டன்னுக்கும் மேல் சேறு எஞ்சியது. அதிலிருந்த கந்தகம் விலை கொடுத்து வாங்கிய பொருள். அதனை மீட்கப் பலர் முயன்று தோற்றனர். இறுதியில் 1888 இல் அலெக்சாண்டர் சான்ஸ் வெற்றி கண்டார். சுண்ணாம்புச் சூளையின் கரியமில வாயுவைச் சேற்றினுள் செலுத்தி, எழுந்த நச்சுவாயுவைக் கிளாஸ் என்பவர் 1883 இல் அமைத்த உலையில் எரித்துத் தூய கந்தகம் பெற்றார். அந்தக் கிளாஸ் முறை திருந்திய வடிவில் இன்றும் உலகின் பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலைகளில் கந்தகத்தை மீட்கப் பயன்படுகிறது. ஆனால் சான்ஸின் முறைக்குப் புதிய சேறே ஏற்றது. அரை நூற்றாண்டாகக் குவிந்த பழைய மேடுகளை எவரும் தொடவில்லை. விட்னெஸில் 1847 இல் முதல் ஆலை எழுந்த நிலப்பகுதி, 1970களில் தொடங்கிய பணியால் பூங்காவாக மாற்றப்பட்டது. அப்பகுதியின் மண்ணுக்கடியில் அச்சேறு இருக்கிறது.

சால்வே முறையும் அதன் பின்னும்

இத்தனை திருத்தங்களுக்கும் பின்னணியில் ஒரு போட்டி இருந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த எர்னெஸ்ட் சால்வே 1861 இல் முற்றிலும் வேறான முறைக்குக் காப்புரிமை பெற்றார். உப்புநீரில் அமோனியாவையும் கரியமில வாயுவையும் செலுத்தி அவர் சோடாவைப் பெற்றார். அமில வாயு இல்லை, கந்தகச் சேறு இல்லை, எரிபொருள் குறைவு, அமோனியாவோ திரும்பத் திரும்பப் பயன்படும். இங்கிலாந்தில் 1873 இல் பிரன்னர், மோண்ட் இருவரும் இம்முறையை ஏற்றனர். பழைய லெப்லாங் ஆலைகள் சோடாவில் நட்டமடைந்தன. அவற்றைத் தாங்கி நின்றது சலவைத்தூளே. சால்வே முறையில் குளோரின் கிடைக்காது. 1890 இல் அவ்வாலைகள் ஒரே நிறுவனமாக இணைந்தன. பின்னர் மின்சாரத்தால் உப்புநீரைப் பிரித்துக் குளோரின் பெறும் முறை வந்து, அத்துணையும் அகன்றது. முதல் உலகப்போருக்குப்பின் லெப்லாங் உலைகள் அணைந்தன.

புதிய முறைகள் குற்றமற்றவையோ எனின், அல்ல. சால்வே முறையில் உப்பின் குளோரின் பகுதி கால்சியம் குளோரைடாகி வீணாகிறது. நியூயார்க் மாநிலத்தின் ஓனண்டாகா ஏரிக்கரையில் 1880கள் முதல் 1986 வரை இயங்கிய சால்வே ஆலையின் கழிவுப் படுகைகள் கரைநெடுக உயர்ந்தன. மின்சார முறையில் பயன்பட்ட பாதரசமும் அவ்வேரியில் கலந்தது. 1970 இல் அங்கே மீன்பிடிப்பு தடைசெய்யப்பட்டது. ஓனண்டாகா பழங்குடியினர்க்கு அது திருத்தலமான ஏரி.

உப்பை வீணாக்காத வழியைக் கண்டவர் சீனரான ஹோ டெபாங். சால்வே குழுமத்தார் தம் நுட்பத்தைப் பல்லாண்டு மறைத்தே வைத்திருந்தனர். ஹோ அதனைத் தாமே உழைத்தறிந்து, 1933 இல் நூலாக எழுதி உலகறிய வெளியிட்டார். 1937 இல் ஜப்பானியப் படையெடுப்பால் அவருடைய நிறுவனம் கடற்கரையை விட்டு உள்நாட்டுச் சிச்சுவானுக்குப் பெயர்ந்தது. அங்கே உப்பு கிணற்றுநீரைக் காய்ச்சிப் பெறும் அரிய பொருள். கால் பங்கிற்கு மேல் உப்பை எறியும் முறை அங்கே கட்டுப்படியாகாது. எனவே குளோரின் பகுதியை அம்மோனியம் குளோரைடு என்னும் உரமாக்கும் இரட்டை முறையை அவர் 1940களின் தொடக்கத்தில் உருவாக்கினார். வறுமை கற்பித்த சிக்கனம் அது. இம்முறையில் சுண்ணாம்புச் சூளை இல்லை. ஆகவே வேண்டிய கரியமில வாயுவை வேறிடத்திலிருந்து பெற்றாக வேண்டும்.

இவ்விடத்தில்தான் நம் தூத்துக்குடி வருகிறது. உப்பளங்கள் சூழ்ந்த அந்நகரில், தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் நிறுவனம் 1980களிலிருந்து இரட்டை முறையால் சோடா உப்பும் அம்மோனியம் குளோரைடும் செய்தது. அதற்குக் கரியமில வாயு தடையின்றிக் கிடைக்க வேண்டியிருந்தது. நீராவிக் கொதிகலனில் எரியும் நிலக்கரியின் புகையோ வீணே வானேறிக்கொண்டிருந்தது. கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற இளைஞர் இருவர் தொடங்கிய நிறுவனம் ஒன்று, புகையிலிருந்து கரியமில வாயுவை மலிவாகப் பிரிக்கும் கரைப்பானை ஆக்கியிருந்தது. 2016 இல் இவ்விரண்டும் இணைந்தன. உயர்ந்த கோபுரத்தில் கரைப்பான் மேலிருந்து இறங்க, புகை கீழிருந்து ஏறும்; காஸேஜின் காற்றாலையை அறிந்தவர்க்கு அக்காட்சி புதிதன்று. ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிப்பது அதன் இலக்கு என்று 2017 ஜனவரியில் வெளியான செய்தி, உலகெங்கும் வியப்பை உண்டாக்கியது. அரசின் மானியம் ஏதுமின்றி இது நடந்தது என்பதே வியப்பிற்குக் காரணம். அந்நாளில் பி.பி.சி. செய்தியாளர் வினவியபோது, உலகைக் காப்பது தம் எண்ணமாயிருக்கவில்லை, தமக்கு வாயு வேண்டியிருந்தது என்னும் பொருள்பட ஆலையின் தலைவர் விடையளித்தார். அவ்விடையின் நேர்மையை நாம் மதிக்கிறோம்.

அங்கே சட்டம் முந்தவில்லை, தேவையே முந்தியது. ஆகவே லங்காஷயரில் நிகழ்ந்த வரிசைதான் எங்கும் நிகழும் என்று நாம் வலியுறுத்துவதற்கில்லை. எனினும் பெரும்பாலான ஆலைகளுக்குக் கரியமில வாயு தேவைப்படும் மூலப்பொருளன்று. 1840களின் அமிலத்தைப் போல அதற்கும் வாங்குவார் குறைவு. சோடா ஆலைக்குப் பொருந்திய கணக்கு அனல்மின் நிலையத்திற்குப் பொருந்துமா என்பதே வினா.

மேலும், பிடித்த வாயு எங்கே போகிறது என்று சாங்கி ஓடையின் கரையில் நின்று கேட்ட வினாவைத் தூத்துக்குடியிலும் கேட்க வேண்டியவராயிருக்கிறோம். அது சோடா உப்பினுள் அடங்குகிறது. சலவைத்தொட்டிக்குச் செல்லும் சோடாவில் அது நெடுநாள் தங்கலாம். ஆனால் உலகின் சோடா உப்பில் மிகப் பெரும் பங்கு கண்ணாடித் தொழிலுக்குச் செல்கிறது. ஒரு டன் சோடா கண்ணாடி உலையில் உருகும்போது ஏறக்குறைய 415 கிலோகிராம் கரியமில வாயு மீண்டும் வெளியேறும். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுப் பெற்ற வாயுவுக்குப் பதிலாகப் புகையிலிருந்து பெற்ற வாயு பயன்பட்டதால் ஒருமுறை மிச்சமானது உண்மையே. அந்த மிச்சம் சிறிதன்று. மீண்டும் வெளியேறும் வாயு, கண்ணாடி உலை எவ்வூரில் எரிகிறதோ அவ்வூரின் கணக்கில் சேரும்.